தடுப்பதா, ஏற்றுவதா, மூடுவதா? மழைக்கு முன் நெல்லை நிறுவனங்கள் எடுக்க வேண்டிய முடிவு

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். கார்த்திகை போய்விட்டது, இனி பெரிய மழை இல்லை என்று பலரும் நினைத்திருந்த நேரம். அன்றும் மறுநாளும் பெய்த மழையில் தாமிரபரணி கரை புரண்டபோது ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டைப் பக்கத்து அலுவலகங்களுக்கும் கிட்டங்கிகளுக்கும் விடுமுறை. ஆள் இல்லாத கட்டடத்தில் மணல் மூட்டை இருந்து பயனில்லை; அடுக்கக் கை வேண்டும். மோட்டார் இருந்தும் பயனில்லை. சுவிட்சைப் போடக் கை வேண்டும், கரண்டும் வேண்டும்.

புரட்டாசியில் நிறுவனங்கள் போடும் மழைக்காலத் திட்டங்களை எடை போட இந்த ஒரு நாளே போதும். ஆள் வந்து செய்தால்தான் வேலை செய்யும் ஏற்பாடு ஒரு வகை. யாரும் வராவிட்டாலும் தானாக நிற்கும் ஏற்பாடு இன்னொரு வகை. கையில் இருக்கும் பணம் முதலில் இரண்டாவது வகைக்குப் போக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், உங்கள் வாசலுக்கு வருவது எந்தத் தண்ணீர்?

நெல்லைச் சீமையில் வெள்ளம் மூன்று வழியில் வரும். ஆறு ஏறுவது ஒன்று. பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, சேர்வலாறு 156 அடி. இவை நிரம்பும்வரை மலைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். நிரம்பிய பிறகு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய மலை எஸ்டேட்டுகளில் பெய்வதெல்லாம் வருகிற வேகத்திலேயே ஆற்றுக்குப் போகும். கடனாநதி, பச்சையாறு வேறு வழியில் வந்து சேர்ந்துகொள்ளும். இந்த வகை வெள்ளத்தில் நெல்லை, பாளைக்குச் சில மணி நேரமாவது அவகாசம் உண்டு. அணையில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற அறிவிப்பும் வரும்.

இரண்டாவது குளத்துத் தண்ணீர். ஒரு குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தில் விழும் சங்கிலி அமைப்பு நம்முடையது. மேல்குளம் உடைந்தால் கீழ்க்குளம் தாங்காது. இதற்கு அவகாசம் மிகக் குறைவு. கரை உடைகிற இடமும் முன்கூட்டித் தெரியாது. உங்கள் கட்டடம் பழைய குளத்திலோ மறுகால் ஓடையிலோ இருக்கிறதா என்று கிராம வரைபடத்தில் பாருங்கள். புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்துக்கே வேய்ந்தான்குளம் என்றுதான் பெயர்.

மூன்றாவது, பின்பக்கமாக வருவது. வாசலில் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே கழிப்பறைக் கோப்பை வழியாகவும் தரை ஜாலி வழியாகவும் சாக்கடை மேலேறும். வாசலை மட்டும் அடைப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது அளவு. 2023 தண்ணீர்த் தடம் உங்கள் சுவரில் அழிந்திருந்தால் பக்கத்துக் கட்டடத்தில், மின்கம்பத்தில், கோயில் சுவரில் தேடுங்கள். கொத்தனாரிடம் உள்ள ட்யூப் மட்டம் போதும்: தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அந்தத் தடத்தில் பிடித்தால் மறுமுனையில் தண்ணீர் நிற்கும் இடம் உங்கள் சுவரில் அதே உயரம். அங்கே பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு ஓரடி மேலே இன்னொரு கோடு. இனி எல்லா வேலைக்கும் அந்த மேல்கோடுதான் கணக்கு.

ஓரடி கூடுதல் எதற்கு? வானிலை மையம் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-க்கு மேல் அதிகனமழை என்று பிரிக்கிறது. 2023-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது சுமார் 95 செ.மீ. 21-ம் அதிகனமழை, 95-ம் அதிகனமழை. எச்சரிக்கையின் சொல்லை வைத்து எத்தனை அடித் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட முடியாது.

வாசலில் தடுப்பது

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். செலவு கண்ணுக்குத் தெரியும், மனதுக்கும் ஆறுதல். ஆனால் எல்லை மிகக் குறுகியது.

பத்தடி ஷட்டர் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வெளியே 2 அடித் தண்ணீர் நின்றால் அந்த ஷட்டர்மேல் விழும் அழுத்தம் சுமார் 560 கிலோ. 3 அடி நின்றால் சுமார் 1,250 கிலோ. ஆழம் ஒன்றரை மடங்கானால் அழுத்தம் இரண்டே கால் மடங்கு. ஷட்டர் தகடு உள்ளே வளைந்து பக்கத்துச் சட்டத்தை விட்டு வெளியே வந்துவிடும். சாதாரண ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் இந்த அழுத்தத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. 3 அடிக்கு மேல் தண்ணீர் வரும் இடத்தில் அதை வெளியே நிறுத்தப் போராடுவது ஆபத்து. உள்ளே விட்டுவிட்டால் இரு பக்கமும் சமமாகிச் சுவர் பிழைக்கும்.

மணல் மூட்டைக் கணக்கும் பலர் நினைப்பதைவிடப் பெரியது. அடிப்பக்கம் அகலமாக, மேலே ஒடுங்கி வரவேண்டும் என்பதால் பத்தடி வாசலுக்கு ஓரடி உயரம் எழுப்பச் சுமார் 60 மூட்டை, இரண்டடிக்குச் சுமார் 200 மூட்டை. ஒரு மூட்டை 15 முதல் 20 கிலோ என்றால் 200 மூட்டைக்கு மூன்று நான்கு டன் மணல். வாசலில் ஒரே வரிசையாகப் பத்து மூட்டையைப் போட்டு வைப்பது தண்ணீரைத் தடுக்காது, தாமதப்படுத்தக்கூடச் செய்யாது. போடுவதென்றால் சரியாகப் போட வேண்டும்: பாதி மட்டும் நிரப்புங்கள், முழுக்க நிரப்பினால் மூட்டை உருண்டையாகி இடுக்கு விழும். வாயைக் கட்ட வேண்டாம், அடியில் மடித்துப் போடுங்கள். செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாறி மாறி வரவேண்டும். ஒவ்வொரு வரிசையையும் மிதித்து அமுக்குங்கள். தண்ணீர் பக்கத்தில் பாலித்தீன் ஷீட்டைத் தொய்வாக விரித்து, அடிமுனையைக் கீழ் மூட்டைக்குள் செருகுங்கள்.

தடுப்புப் பலகை இதைவிட நல்லது. வாசலின் இரு பக்கமும் இரும்புச் சேனலை ஆங்கர் போல்ட்டில் இறுக்கி, 19 மி.மீ. மரைன் பிளைவுட் அல்லது அலுமினியப் பலகையை மேலிருந்து இறக்கும் முறை. மூன்று இடத்தில் இது கெடும். தரை சமமாக இல்லாவிட்டால் அடியில் ரப்பர் பட்டை பிடிக்காது. அந்த ஒரு கோட்டை மட்டும் கிரானைட் போட்டுச் சமப்படுத்த வேண்டும். பத்தடிக்கு ஒரே பலகை வளைந்துவிடும். நான்கைந்து அடிக்கு ஒரு கழற்றக்கூடிய நடுக்கால் வேண்டும். மூன்றாவது, பலகையை மாடியில் வைத்து மறந்துவிடுவார்கள். சேனலுக்குப் பக்கத்திலேயே சுவரில் தொங்கவிட்டு, எண் எழுதி வையுங்கள்.

எந்தத் தடுப்பு போட்டாலும் சாக்கடை இணைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்ப வராமல் தடுப்பது) இல்லாவிட்டால் வீண். இந்த வால்வைப் பார்க்க ஒரு சேம்பர் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சேம்பரைத் திறந்து, வால்வின் மூடி அடைப்பில்லாமல் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்துக்கு, பாலித்தீன் பையில் மணல் போட்டுக் கட்டிக் கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் தரை ஜாலிமேலும் அமுக்கலாம்.

சுருக்கமாக: உங்கள் கோடு ஒன்றரை அடிக்குள் இருந்து, நடந்து வரும் தூரத்தில் ஆளும் இருந்தால் தடுப்பு நல்ல தேர்வு. கோடு 2 அடியைத் தாண்டினால் இதற்குப் பணம் போடாதீர்கள்.

தண்ணீரை இறைப்பது தனித் தேர்வே அல்ல. தடுப்பின் கசிவை வெளியேற்றும் துணை வேலை. வெளியே தண்ணீர் நிற்கும்போது தடுப்பில்லாமல் இறைத்தால் அதே தண்ணீர்தான் திரும்ப வரும். ஜெனரேட்டரையோ டீசல் பம்பையோ எக்காரணம் கொண்டும் கட்டடத்துக்குள் ஓட்டக் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும். தரைக்குக் கீழே தளம் (பேஸ்மென்ட்) உள்ளவர்கள் வெள்ளம் வடிந்ததும் ஒரே மூச்சில் இறைக்காமல் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் இறைக்க வேண்டும். வெளியே மண் ஊறிக் கனத்து நிற்கும். உள்ளே தண்ணீர் சட்டென்று போனால் சுவர் உள்பக்கம் சாயும்.

மேலே ஏற்றுவது

இதுதான் ஞாயிற்றுக்கிழமையும் நடுராத்திரியும் யாரும் இல்லாமல் வேலை செய்வது. ஒருமுறை கொத்தனாரும் எலக்ட்ரீசியனும் வந்து செய்துவிட்டுப் போனால் பல ஆண்டுக்கு நிற்கும்.

முதல் வேலை மின்சாரம். மெயின் போர்டு, டிபி பாக்ஸ், இன்வெர்ட்டர், சிசிடிவி பெட்டி எல்லாம் மேல்கோட்டுக்கு மேலே போக வேண்டும். ஓரடி உயரத்தில் உள்ள பிளக் பாயின்ட்களை மூடி, வயரை மேலிருந்து இறக்கி நான்கைந்து அடி உயரத்துக்கு மாற்றுங்கள். தரைத்தளத்துக்குத் தனி சர்க்யூட், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். கீழே நிறுத்திவிட்டு மாடியில் விளக்கு எரிய வேண்டும். மீட்டரை மட்டும் நீங்களே தொடாதீர்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இடம் மாற்றச் சொல்லுங்கள். டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும். மழை நாளில் ஈரத் தரையில் அதைத் தூக்கி ஏற்றுவது விபத்துக்கு வழி. இப்போதே ஆங்கிள் ஸ்டாண்ட் அடித்து ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது காகிதம். இரும்பு பீரோவில் இருப்பதால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். கீழ்த்தட்டில் இறுக்கி அடுக்கிய ரிஜிஸ்தர்கள் நனைந்தால் ஊதி, உருவவே முடியாதபடி சிக்கிக்கொள்ளும். இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். பத்திரம், உரிமம், பணிப்பதிவேடு, பிஎஃப் கணக்கு மேல்தட்டில். கீழ்த்தட்டில் தண்ணீர் பட்டால் கெடாத சாமான் மட்டும். டேலி கணக்கின் நகல் ஒன்று வேறு ஊரில் அல்லது ஹைகிரவுண்ட் பக்கம் மேட்டில் இருக்கும் ஒருவர் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். ஒரே மேசையில் கணினியும் அதன் பேக்கப் டிஸ்க்கும் இருந்தால் நகல் எடுக்காததற்குச் சமம்.

சரக்கு வைப்பவர்களுக்கு ஆறங்குல மரப்பலகை தரை ஈரத்துக்குத்தான் உதவும், வெள்ளத்துக்கு அல்ல. கருப்பட்டி கரையும், சிமென்ட் இறுகும், பீடி இலையும் வத்தலும் ஈரக்காற்றிலேயே பூக்கும். அரிசியும் பயறும் ஊதும். ஊதும் அடுக்கு சுவரைத் தள்ளும், சாய்ந்து விழும். சுவருக்கும் மூட்டை அடுக்குக்கும் நடுவே இரண்டடி விடுங்கள். மேல்கோட்டுக்கு மேல் எல்லாவற்றையும் ஏற்ற இடம் போதாது என்றால், விலை அதிகமானதை மட்டும் பரணுக்கு ஏற்றிவிட்டு, ஐப்பசி முதல் மார்கழி வரை கீழ்ச் சரக்கைக் குறைத்து வாங்குங்கள். பூச்சிமருந்து, உரம், ஆசிட், பிளீச்சிங் பவுடர் தரைத்தட்டில் இருக்கவே கூடாது. ஒரு டின் மிதந்து உடைந்தாலும் தெருவுக்கே கேடு.

மிதப்பவற்றைக் கட்டிப் போடுவதும் இதில் சேர்த்தி. நிறைந்த சமையல் காஸ் சிலிண்டர்கூடத் தண்ணீரில் மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சுவரில் சங்கிலியால் பிணையுங்கள். ஃபிரிட்ஜ், காலி சின்டெக்ஸ் தொட்டி, டீசல் பேரல் எல்லாம் மிதந்து போய்க் கதவை அடைத்துக்கொள்ளும்.

அக்டோபர் தொடங்கிப் பொங்கல் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை சாத்தும்போது இருபது நிமிடம் ஒதுக்குங்கள். தரையில் எதுவும் இல்லை, மேசைக்கடியில் சிபியு இல்லை, லிஃப்ட் மேல்தளத்தில் நிறுத்தி அணைத்தாயிற்று, சம்ப் மூடி இறுக்கியாயிற்று, தரைத்தள சர்க்யூட் நிறுத்தியாயிற்று. செய்தவர் கையெழுத்துப் போட ஒரு நோட்டு.

முன்கூட்டியே மூடுவது

பொருளுக்கு மேலே சொன்னவை. ஆட்களுக்கு ஒரே வழி, நேரத்தோடு மூடுவது. இங்கே தயக்கத்துக்கு இடமே கூடாது. ஓடும் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறினாலே ஆளைச் சாய்க்கும். ஓரடி வந்தால் சின்னக் காரை நகர்த்தும். இரண்டடியில் பெரும்பாலான வண்டிகள் போய்விடும்.

நெல்லையில் ஆட்கள் வரும் வழியை முதலில் எழுதுங்கள். யார் ஆற்றுக்கு எந்தப் பக்கம், எந்தப் பாலம், எந்தத் தரைப்பாலம், எந்தக் குளத்தங்கரை வழியாக வீட்டுக்குப் போகிறார், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு. தரைப்பாலமோ தாம்போதியோ கடக்க வேண்டியவர் முதலில் கிளம்ப வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை உள்ளவர் அடுத்து. கட்டடத்துக்கு நடந்து வரும் தூரத்தில், ஆற்றுக்கு அதே பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர் மட்டும் ஏற்றும் குழு. அவர்களும் தெருவில் தண்ணீர் வந்துவிட்டால் வரக் கூடாது.

எப்போது மூடுவது என்பதை அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்காதீர்கள். முன்பே விதி எழுதுங்கள். நெல்லைக்கோ தென்காசிக்கோ ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் தரையைக் காலி செய்வது. அணைகள் நிறைந்திருக்கும்போது ஆரஞ்சு வந்தால் பகல் 12 மணிக்கு மூடி, இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு சேர்வது. சிவப்பு என்றால் திறப்பதே இல்லை. ஆட்சியர் அலுவலகத்தின் அணை அறிவிப்பையும், மலை எஸ்டேட் மழை அளவையும் தினமும் காலையில் பார்க்க ஒருவரை நியமியுங்கள். ஊரில் வெயில் அடித்தாலும் ஊத்தில் 20 செ.மீ. பெய்திருந்தால் ஆறு ஏறும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

2023-ல் பல இடங்களில் கரண்டும் செல்போன் கோபுரமும் ஒன்றாகப் போயின. ஆகவே வாட்ஸப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள். எல்லோரிடமும் சொல்லி வைக்க வேண்டியது ஒன்றே: "சிவப்பு எச்சரிக்கை இருக்கும்போது தகவல் வராவிட்டால் வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம்." கடைசி மூன்று சொல் இல்லாவிட்டால் முன்னது வேலை செய்யாது. நாள்கூலிக்காரர் அன்றைய கூலிக்காகத் தண்ணீரில் இறங்கி வருவார். மூடிய நாளுக்குச் சம்பளம் கொடுப்பது தயவு அல்ல, பாதுகாப்புச் செலவு.

இரவுக் காவலுக்கு இருக்கும் அண்ணாச்சியைப் பலர் திட்டத்தில் மறந்துவிடுகிறார்கள். சரக்கைக் காப்பது அவர் வேலை அல்ல என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மொட்டைமாடிச் சாவி முதலாளி வீட்டில் இருந்தால் அந்தக் கட்டடத்தில் அவருக்கு வழியே இல்லை. சாவி மாடிப்படி அருகிலேயே தொங்க வேண்டும். மேல்தளத்தில் ஒரு டிரம்: ஆளுக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர், அவல், பொரிகடலை, பேரீச்சை, ஓஆர்எஸ், டார்ச், விசில், கயிறு, பவர் பேங்க், அவர் தினமும் சாப்பிடும் மாத்திரை மூன்று நாளைக்கு. 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் பயணிகள் ஒரு நாளுக்கு மேல் காத்திருந்ததை நினைத்துப் பார்த்தால் மூன்று நாள் கணக்கு அதிகமில்லை.

காப்பீடு

தண்ணீரைத் தடுக்காது, கடையைத் திரும்பத் திறக்க உதவும். மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ளவர்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி இருக்கிறது. அதில் வெள்ளம் சேர்ந்தே வரும். வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசியில் அடமானச் சரக்கு மட்டும் இருந்து, மேசை, ரேக், இயந்திரம், ஏசி விட்டுப்போயிருக்கலாம். தாளை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். சரக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையலாம். கார் பாலிசியில் எஞ்சின் பாதுகாப்பு தனியாகச் சேர்க்க வேண்டியது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளையும். புரட்டாசியிலேயே ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்து வெளியூருக்கு அனுப்பி வையுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் நனைந்த சரக்கைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள்.

யாருக்கு எது

கோடு ஒன்றரை அடிக்குள் உள்ள சிறு அலுவலகம்: மின்சாரத்தை ஏற்றுங்கள், நான்-ரிட்டர்ன் வால்வு, பிறகு தடுப்புப் பலகை. கோடு 3 அடியைத் தாண்டும் ஜங்ஷன் பக்கத்துக் கடை: பலகை வேண்டாம், மின்சாரம், பரண், காப்பீடு. குளத்துக்குக் கீழே இருக்கும் கிட்டங்கி: அவகாசம் இல்லாததால் மழைக்காலச் சரக்கையே மேட்டுப் பகுதிக்கு மாற்ற வாடகை இடம் தேடுவது மலிவாக முடியும். பள்ளிகளுக்குக் கட்டடத்தைவிட வேன் வழித்தடம்தான் முக்கியம். தரைப்பாலம் உள்ள வழித்தடத்துக்கு மாற்று வழி இல்லையென்றால் ஆரஞ்சு நாளில் அந்த வேன் ஓடக் கூடாது.

மருத்துவமனைகளால் மூட முடியாது என்பதால் வரிசை மாறும். ஜெனரேட்டரும் ஆக்சிஜன் இணைப்பும் மருந்துக் கிடங்கும் மேல்கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்பது முதல் கேள்வி. பல இடங்களில் ஜெனரேட்டர் மேடையில் இருக்கும், அதன் சுவிட்ச் பெட்டியோ டீசல் டேங்கோ தரையில் இருக்கும். இரண்டில் ஒன்று மூழ்கினாலும் கரண்ட் இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளை எச்சரிக்கை வந்த அன்றே அழைத்து ஒரு நாள் முன்னதாக முடித்து அனுப்ப மருத்துவரிடம் பேசி வையுங்கள். வெள்ளம் புகுந்த சம்பைக் கழுவி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து 12 மணி நேரம் வைத்து, அதை முழுக்க வெளியேற்றிய பிறகே குடிநீர் ஏற்ற வேண்டும். வேண்டிய பவுடரை இப்போதே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் மாடியில் வையுங்கள். ஈரம் பட்ட பவுடரில் குளோரின் இருக்காது.